தொடர்பறு படலம்: இணையச் சதுரங்கத்தில் திடீரெனக் காணாமற்போதல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

இணையத்தில் செஸ் ஆடும் இருவரில் ஒருவருக்கு நடு ஆட்டத்தில் நெட் போய்விடுகிறது. கடிகாரம் மட்டும் போகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தோல்வியை யார் கணக்கில் எழுதுவது? எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கென்று துறை தொடங்காத நிலையில், அக்குறையைப் போக்க இக்கட்டுரை முன்வருகிறது. நேரில் ஆடும்போது எதிராளி காணாமற்போனால் கழிப்பறை வரை ஆள் அனுப்பலாம். இங்கே அதற்கு வழியில்லை ஆதலால் தத்துவத்தில் தேட வேண்டியிருக்கிறது.

முன்னோர் வழக்கு

இத்துறையின் முதல் சான்று விண்வெளியில் கிடைக்கிறது. 1970 ஜூன் 9 அன்று சோயூஸ் 9 கலத்திலிருந்த நிக்கோலயெவும் செவஸ்தியானவும் ஒரு கட்சியாகவும், தரையிலிருந்த கமானினும் கர்பாத்கோவும் மறு கட்சியாகவும் வானொலி வழியே ஆடினார்கள். கலம் சோவியத் நிலையங்களின் எல்லையைத் தாண்டினால் பேச்சு அறும். சுற்றி வந்தால் மறுபடி ஒட்டும். யாரும் யார் மீதும் புகார் எழுதவில்லை. ஆட்டம் டிராவில் முடிந்தது. உலகின் மறுபக்கம் போனவருக்கு அன்று கிடைத்த அவகாசம், கூடத்திலிருந்து சமையலறைக்குப் போய் வைஃபையை இழந்தவருக்கு இன்று கிடைப்பதில்லை.

இரண்டாம் சான்று 2003-ஆம் ஆண்டினது. பிளாவ்திவ் நகரில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில், சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அப்போதைய உலகச் சாம்பியன் பனமரியோவின் செல்பேசி ஆட்டத்தின் நடுவே மணியடித்தது. ஆட்டம் பறிபோனது. சிக்னல் இருந்ததால் தோற்றவர் அவர். சிக்னல் இல்லாததால் தோற்பது நம் காலம் கண்ட முன்னேற்றம்.

வகைப்பாடு

தொடர்பறுதல் மூவகைப்படும்: ஊழால் அறுவது, உடையவரால் அறுவது, உள்நோக்கத்தால் அறுவது.

கரண்ட் போவதும், எங்கோ பள்ளம் தோண்டுகிறவர் கேபிளையும் சேர்த்துத் தோண்டுவதும் முதல் வகை. ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேங்காய்ச் சட்னிக்காக மிக்ஸியைச் சொருகுவது இரண்டாம் வகை. ‘உடையவர்’ என்றதனால் அவர்தம் குடும்பத்தாரையும் கொள்க. ராணி வெட்டுப்பட்ட மறுநொடியில், அதுவரை செம்மையாக இருந்த இணையம் தானாகவே உயிரை விடுவது மூன்றாம் வகை. இதற்கும் ராணிக்கும் தொடர்பில்லை என்று சம்பந்தப்பட்டவர்கள் சொல்வார்கள்.

சிக்கல் யாதெனின், சர்வருக்கு இம்மூன்றும் ஒன்றே. அதற்குத் தெரிவது மௌனம் மட்டும்.

கொள்கை வேறுபாடு

நின்ற கடிகாரக் கொள்கையினர், நெட் திரும்பும் வரை ஆட்டத்தை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். இதற்குத் தடை வருமாறு: இன்று செல்பேசியில் ஓடும் செஸ் என்ஜின் உலகச் சாம்பியனையும் வீழ்த்தும். நிறுத்திய கடிகாரம் அதனிடம் யோசனை கேட்கத் தந்த விடுப்பாகிவிடும். முன்பெல்லாம் நீண்ட ஆட்டங்களை இரவில் நிறுத்தி, அடுத்த நகர்வை உறையிலிட்டு ஒட்டி, மறுநாள் தொடர்வார்கள். கணினிகள் வலுப்பெற்றதும் அந்த உறை வழக்கொழிந்தது. அதைப் பின்வாசல் வழியே அழைத்துவருவது முறையன்று.

ஓடும் கடிகாரக் கொள்கையினர், உன் நெட் உன் பாடு என்பர். நொடிக்கும் குறைவான சிறு தாமதத்தைத் தளங்கள் தாமே ஈடுகட்டுகின்றன. அதற்கு மேற்பட்டது ஆடுபவர் தலையில்.

இவ்விரு கொள்கைகளையும் ஒரே வாரத்தில் உளமாரக் கடைப்பிடித்த பெருமை நமக்கு உண்டு. 2020 ஆகஸ்ட் இணைய ஒலிம்பியாட் கால் இறுதியில், இந்தியருக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரரின் தொடர்பு அறுந்து, நேரம் தீர்ந்து, ஆட்டம் போனது. ஆர்மீனியாவின் முறையீடு தள்ளுபடியானது. அந்த அணி இரண்டாம் சுற்றை ஆட மறுத்து வெளியேறியது. விதி விதிதானே என்றோம். ஆகஸ்ட் 30 அன்று ரஷ்யாவுடன் இறுதிப் போட்டி. அன்று உலகளாவிய இணையக் கோளாறு. நம் அணியின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பிழந்து நேரத்தில் தோற்றார்கள். என்ன விதி இது என்றோம். ஃபிடே தலைவர் துவர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். இதிலிருந்து பெறப்படுவது: கடிகாரம் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்பது அறுந்தது யாருடைய நெட் என்பதைப் பொறுத்தது.

இரு தங்கம் என்னும் தீர்வு அழகியது. ஆனால் நள்ளிரவில் மூன்று நிமிட பிளிட்ஸ் ஆடும் இருவருக்காக ஃபிடே தலைவரை எழுப்ப முடியாது.

மூன்றாம் நெறி

லீசெஸ் தளத்தில் எதிராளி போய் வராமலிருந்தால், இருப்பவர் முன் சிறிது நேரத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: வெற்றியைக் கோருகிறீர்களா, டிரா தருகிறீர்களா? காத்திருக்கவும் தடையில்லை. சர்வருக்குத் தெரியாததை இருப்பவர் ஓரளவு அறிவார். பலகை அவர் கண்முன் இருக்கிறது. தோற்கும் நிலையில் ஓடியவரையும், சமநிலையில் அறுபட்டவரையும் அவரால் பிரித்தறிய முடியும்.

இந்நெறிக்கு உரையாசிரியர் கார்ல்சன். 2020-இல் செஸபிள் மாஸ்டர்ஸ் இணையப் போட்டியில், அவருடன் ஆடிய டிங் லிரென் தொடர்பறுந்து ஓர் ஆட்டத்தை நேரத்தில் இழந்தார். விதி வெற்றியைக் கார்ல்சனுக்குத் தந்தது. அடுத்த ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளிலேயே அவர் தம் ராணியை வலியக் கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். விதியையும் திருத்தவில்லை, கடிகாரத்தையும் நிறுத்தவில்லை, கணக்கு நேராயிற்று.

முடிபு

பொய்யனையும் பாவப்பட்டவனையும் பிரித்தறியாத விதி இரக்கம் காட்டத் தொடங்கினால், அந்த இரக்கம் பொய்யனுக்கே முதலில் போய்ச் சேரும். எனவே கடிகாரம் ஓடட்டும். இரக்கத்தின் பொத்தான் எதிராளி கையில் இருக்கட்டும். டிரா பொத்தானை அழுத்தியவர்களின் பெயர்களைத் தளங்கள் ஆண்டுதோறும் வெளியிடலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. வெற்றி கோரியவர்களின் பட்டியலை வெளியிட வேண்டியதில்லை. அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது!