சாம்பலின் ஜாதகம்

74,000 வருடத்துக்கு முன் வெடித்த எரிமலை எது என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, யார் சார் பார்த்தது?

சாம்பல் பார்த்தது. அடுப்புச் சாம்பல் என்று நினைத்துவிடாதீர்கள், இது பொடிக்கண்ணாடி. நுண்ணோக்கியில் உடைந்த வளையல் துண்டு மாதிரி வளைந்து தெரியும். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் சிலிக்கா இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டுவிடும். வீட்டுக்கு வீடு ரசத்தின் கைப்பக்குவம் மாறுகிற மாதிரிதான் எரிமலைக்கு எரிமலை இந்த விகிதமும்.

நம் பக்கம் ஏதாவது சிக்கியதா?

ஆந்திராவில், கர்னூல் வட்டாரத்தில் ஒரு கிராமம். அங்கே ஆளுயரத்துக்கும் மேல் சாம்பல் படிந்திருக்கிறது. ரசாயனத்தைப் பார்த்தால் சுமத்ராவின் டோபா எரிமலையுடையது. 2,600 கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறது. ஊர்ப் பெயர்? ஜ்வாலாபுரம்! பெயர் வைத்த புண்ணியவானுக்கு டோபாவைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் கல் ஆயுதங்கள், மேலேயும் கல் ஆயுதங்கள். அதாவது, அத்தனை கொட்டியும் ஆள் ஊரைக் காலி செய்யவில்லை என்கிறார்கள், 2007-ல் ஆய்வு வெளியிட்டவர்கள். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஹவாயில் பாறைக்குழம்பு சமர்த்தாக வழிகிறது, டோபா மட்டும் ஏன் வெடித்தது?

சிலிக்கா கூடினால் பாறைக்குழம்பு பசையாகும், வாயு வெளியேற வழி இருக்காது. ஹவாய் பொங்கி வழிகிற பால். டோபா, விசில் அடைத்த குக்கர்.

வெடித்த இடத்தில் என்ன மிச்சம்?

100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஏரி. படகுச் சவாரி உண்டு.