வாயில் மறுத்தல் என்னும் துறை பற்றி ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் கற்பியலில், பிணங்கியிருக்கும் தலைவிக்கும் தெருவில் வந்து நிற்கும் தலைவனுக்கும் இடையே சென்று பேசுவோரைத் தோழி முதல் கண்டோர் ஈறாகப் பன்னிரண்டு வாயில்கள் என்று எண்ணிக் காட்டியிருக்கிறார். இக்காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கோ டி.சி.பி. என்னும் ஒரே சம்பிரதாயத்தில் மட்டும், பூஜ்யத்தையும் சேர்த்து எண்ணினால், 65,536 வாயில்கள் உள்ளன. வழக்கில் இவற்றைப் போர்ட் என்பர். பன்னிரண்டு வாயிலை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக உரையும் உரைக்கு உரையும் வகுத்த நம் வித்வான்கள், கைக்கெட்டும் தூரத்தில் மேசைக்கு அடியில் இரைந்துகொண்டிருக்கும் இந்த 65,536 வாயில்களை ஏறெடுத்தும் பாராமல் விட்டது பெருங்குறையே என்று நெடுநாளாக எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அங்கே வாயில் என்றது ஆளை, இங்கே வாயில் என்பது கதவை, ஆகவே ஒப்புமை பொருந்தாது என்று ஆட்சேபிப்பவர் சிலர் இருப்பர். கதவு தட்டி நின்று, உள்ளிருந்து ‘போ’ என்னும் சொல்லும் வராமல் இரவு முழுவதும் விழித்திருந்த அனுபவம் அவர்களுக்கு இல்லை என்பதே அதற்கு என் சமாதானம்.

முதலில் தலைமக்கள் யார் என்று சொல்லியாக வேண்டும். சர்வர் என்றால் ஓட்டலில் இட்டிலி கொணர்ந்து வைப்பவர் என்றே நம் தகப்பன்மார் அறிந்திருந்தனர். ஹோஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கோ விருந்தோம்புவோன் என்பது நேர்ப்பொருள். பரிமாற வேண்டிய சர்வர் இங்கே பரிமாறுவதில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஊர் ஊராகப் போய், ‘டிஸ்க்கில் இடம் எவ்வளவு மிச்சம்? மூச்சு ஒழுங்காக வருகிறதா?’ என்று விசாரித்துத் திரும்புவதே அதன் தொழில். விருந்தோம்ப வேண்டிய ஹோஸ்டோ பெரும்பாலும் வாசற்படியிலேயே விசாரணைக்குப் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறது, சில வேளைகளில் அதுவும் செய்வதில்லை.

இவ்வகைக் கண்காணிப்புச் சர்வர்களுள் நான் பல்லாண்டு பழகியது நாகியோஸ் என்பது. ஈதன் கால்ஸ்டாட் என்னும் அமெரிக்கர் 1999இல் வெளியிட்டபோது இதன் பெயர் நெட்செயிண்ட், அதாவது வலைப்பின்னற் புனிதர். பெயருரிமைச் சிக்கல் எழுந்ததால் 2002இல் பெயரை மாற்ற நேர்ந்தது. கிரேக்கத்தில் ஹாகியோஸ் என்றால் புனிதர். அதன் சாயல் தோன்ற நாகியோஸ் என்று வைத்து, ‘நாகியோஸ் இனிப் புனிதர் பட்டத்துக்கு வற்புறுத்துவதில்லை’ என்று பொருள்படும் ஆங்கில வாக்கியமொன்றின் முதலெழுத்துகளே அப்பெயர் என்று விளக்கமும் சொன்னார்கள். பெயரை விளக்க வந்த வாக்கியத்துக்குள்ளேயே அப்பெயர் மறுபடியும் உட்கார்ந்திருப்பது தர்க்க சாஸ்திரப்படி ஆத்மாசிரய தோஷம். கம்ப்யூட்டர்காரர்கள் அதை ஓர் அலங்காரமாகக் கொள்கிறார்கள், விட்டுவிடுவோம்.

தொலைவிலிருக்கும் ஹோஸ்டில் நாகியோஸின் ஆளாக என்.ஆர்.பி.இ. என்னும் காவலன் ஒருவன் 5666 என்ற இலக்கமிட்ட வாயிலில் அமர்த்தப்படுகிறான். சர்வர் அவ்வாயிலில் வந்து குரல் கொடுத்தால், டி.சி.பி. சம்பிரதாயப்படி மூன்று வார்த்தை நடக்கும். ‘ஐயா இருக்கிறாரா?’ என்பது ஒன்று. ‘இருக்கிறேன், யார், வாருங்கள்’ என்பது இரண்டு. ‘வந்தேன்’ என்பது மூன்று. 1981 செப்டம்பரில் எழுத்தில் வகுக்கப்பட்ட இம்முறைக்குக் கைகுலுக்கல் என்று மேனாட்டார் பெயரிட்டனர்; நம் தெருத்திண்ணை வழக்கத்தை அவர்கள் கண்டிருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். லினக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு மனத்தாங்கலுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து வைத்திருக்கிறது. 111 என்பது கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. மருதத் திணையின் வாயில் மறுத்தலே இது. பழகாதவர் இதைக் கண்டு கலங்குவர். பழகியவரோ இதைக் கண்டதும் நாற்காலியில் சாய்ந்து ஒரு வாய் காப்பி அருந்துவர். ஏனெனில், மறுக்கிறாள் என்றால் வீட்டில் இருக்கிறாள் என்பது நிச்சயமாயிற்று. வழி சரியாயிருக்கிறது, இயந்திரத்துக்கு உயிர் இருக்கிறது, கதவண்டை உட்கார வேண்டிய காவலன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அல்லது எழுந்து, 127.0.0.1 என்னும் தன் சொந்த விலாசத்தில் மட்டும் காதை வைத்துக்கொண்டு, தான் தனக்குச் சொல்லிக்கொள்வதை மாத்திரம் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

110 என்பது டைம்-அவுட். இது மறுப்பன்று, மௌனம், ஊடலிலும் கொடியது. இடையே நிற்கும் ஃபயர்வால், வந்த சொல்லைத் திருப்பியும் அனுப்பாமல் உள்ளேயும் விடாமல் விழுங்கிவிடும்போது இது நேர்கிறது. லினக்ஸ் தன் இயல்பில் பொறுமைசாலி: ஒரு விநாடி கழித்து மறுபடி கூப்பிடும், பிறகு போகப்போக இடைவெளியை நீட்டிக்கொண்டே, பல முறை மீண்டும் அழைத்து, இரண்டு நிமிஷத்துக்கு மேல் காத்திருந்தே கைவிடும். நாகியோஸின் தூதனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பத்து விநாடியில் திரும்பிவிடுவான்.

113 என்பது ‘ஹோஸ்டுக்கு வழியே இல்லை’ என்பது. இதை மாத்திரம் வாசகர்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது. சில லினக்ஸ் வகைகளில் ஃபயர்வால் ஒரு போர்ட்டைத் தடுக்கும்போது, மறுப்பை இந்த வேஷத்தில் அனுப்புமாறு அமைத்திருப்பார்கள். போய்ச் சேர வேண்டிய வீட்டின் வாசலிலேயே நின்றுகொண்டு, ‘இந்த வீட்டுக்கு வழி கிடையாது’ என்று ஒருவன் நம் முகத்துக்கு நேரே சொல்கிறான். நாமும் அதை நம்பி ஊர் முழுதும் வழி விசாரிக்கப் புறப்படுகிறோம்.

இலக்கமிட்ட இம்மூன்றையும் விட, இலக்கமில்லாத ஒன்றே இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயிற்று. என் கீழ் வேலை பார்த்த பையன் ஒருவன், கெட்டிக்காரன், ஓரிரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் எழுப்பினான்.

“சார், அந்த டேட்டாபேஸ் சர்வர் ரெட்ல நிக்குது சார். எஸ்.எஸ்.எல். ஹாண்ட்ஷேக் ஆகலையாம்.”

“பிங் போகுதா?”

“ஜோரா போகுது சார். ஓபன்-எஸ்.எஸ்.எல். வெர்ஷன் ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். சர்டிஃபிகேட் புதுசாப் போட்டுட்டேன். இப்ப கம்பைல் பண்ணலாமான்னு பாக்கறேன்.”

சங்கேத பாஷையில் பேசுவதற்கு முன் இரு இயந்திரங்களும் செய்துகொள்ளும் உடன்படிக்கை நிறைவேறவில்லை என்பது அந்தப் பிழைச் செய்தியின் பொருள். ஆகவே உடன்படிக்கையின் ஷரத்துகளையும் முத்திரைகளையும் அவன் இரவெல்லாம் பரீட்சை செய்துகொண்டிருந்தான். பிழைச் செய்தியை வேத வாக்கியமாகக் கொள்ளும் வாலிபர்கள் வேறு என்ன செய்வார்கள்? உண்மையோ முற்றிலும் வேறு. மாலையில் கண்காணிப்புச் சர்வரை வேறொரு நெட்வொர்க்குக்கு மாற்றியிருந்தார்கள். அதன் விலாசம் மாறியிருந்தது. என்.ஆர்.பி.இ. காவலனிடம் ‘அலவ்டு ஹோஸ்ட்ஸ்’ என்ற தலைப்பில், யாருடன் பேசலாம் என்ற பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாதவன் வந்தால் காவலன் கதவைத் திறக்கிறான், முகத்தைப் பார்க்கிறான், ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாத்திவிடுகிறான். கைகுலுக்க நீட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. நின்றவன் வீடு திரும்பி, ‘கைகுலுக்கல் நிறைவேறவில்லை’ என்று முறையிடுகிறான். அவன் சொன்னது பொய்யன்று. தனக்கு நேர்ந்ததைச் சொன்னான், அது ஏன் நேர்ந்தது என்று அவனுக்குத் தெரியாது.

நான் பையனிடம், “அந்தப் பக்கத்து லாக் பாத்தியா?” என்றேன்.

“நம்ம பக்கம் பாத்தேன் சார்...”

அந்தப் பக்கத்து லாக்கில், நாளும் மணியும் விநாடியும் இட்டு, ‘இன்ன விலாசத்தான் நம்மோடு பேச அனுமதி பெற்றவன் அல்லன்’ என்று, இறுதியில் ஆச்சரியக் குறியோடு, காவலன் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுதி வைத்திருந்தான். வாசலில் வாய் திறவாதவன் தன் நாட்குறிப்பில் ஒன்றையும் மறைக்கவில்லை. இந்த மனோபாவத்தை உறவினர் பலரிடத்திலும் கண்டிருக்கிறேன்.

பட்டியலைத் திருத்தினோம், பலிக்கவில்லை. காவலன் எழுந்தவுடன் ஒரு தடவை பட்டியலைப் படித்து மனப்பாடம் செய்துகொள்பவன். பிறகு ஏட்டைத் திருத்தினால் அவனை எழுப்பி மறுபடி உட்கார்த்த வேண்டும். ரீஸ்டார்ட் செய்தோம், அப்போதும் பலிக்கவில்லை. அந்த இயந்திரத்தில் என்.ஆர்.பி.இ. இரு காலங்களில் இருவரால் இருமுறை நிறுவப்பட்டிருந்தது. கான்ஃபிக் ஏடுகளும் இரண்டு, நாங்கள் சிரமப்பட்டுத் திருத்தியது யாரும் படிக்காத ஏடு. பாடபேதம் என்பது ஓலைச்சுவடிக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்த நான் அன்று விடியற்காலை நான்கரை மணிக்கு அக்கொள்கையைக் கைவிட்டேன். புதிதாக நிறுவிய காவலனுடைய மாதிரிப் பட்டியலில் அவனது சொந்த விலாசமான 127.0.0.1 தவிர வெளியார் எவர் விலாசமும் இராது என்பதையும் இவ்விடத்தில் குறித்து வைக்கிறேன்.

பிங் என்னும் பிரமாணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 1983 டிசம்பரில் இயற்றியது அது. நீர்மூழ்கிகள் எதிரொலி கேட்டுத் தூரம் அறியும் ஓசையே அதற்குப் பெயராயிற்று. எதிரொலி வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்பது நிச்சயம். அது நலமாயிருக்கிறதா, நம்மோடு பேசுமா என்பது எதிரொலிக்குத் தெரியாது. எதிரொலி வராவிட்டால் அதுவும் நிச்சயமில்லை, ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம். ஆயினும் ‘பிங் போகுதா?’ என்று கேளாத மேலாளரை நான் கண்டதில்லை; மேலே நானும் கேட்டிருக்கிறேன்.

இதைவிட ஆழ்ந்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு பொருள் காணப்படாமையே அப்பொருள் இன்மைக்குத் தனிப் பிரமாணமாகுமா என்பது நம் நாட்டுத் தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடிய பிரச்சினை. குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் அனுபலப்தி என்று அதற்குப் பெயரிட்டு, ஆறாவது பிரமாணமாக உயர்த்தினார்கள். நான்கு பிரமாணங்களோடு நின்ற நையாயிகர்கள் அதை ஏற்கவில்லை. நாகியோஸிலும் இதே வழக்கு. அதன் தூதன் கொணரும் முடிபுகள் நான்கு: நலம் என்பதற்கு 0, எச்சரிக்கை 1, ஆபத்து 2, அறியேன் 3. பத்து விநாடி கூப்பிட்டும் பதில் இல்லையானால், தூதன் தன் இயல்பில் ஆபத்து என்றே சொல்லிவிடுகிறான். காணாமையிலிருந்து கேட்டுக்குத் தாவிவிட்டான் என்பது பொருள். ஆனால் அவனை அனுப்பும் கட்டளையில் ‘யூ’ என்னும் ஓரெழுத்தைச் சேர்த்துவிட்டால், அதே மௌனத்தைக் கண்டு திரும்பி, அறியேன் என்று அடக்கமாக நிற்கிறான். வாதப் பிரதிவாதங்களாலும் கண்டன நூல்களாலும் தீராததைக் கீபோர்டில் ஒரு விரல் தீர்த்துவைக்கிறது. பெரும்பாலோர் அந்த எழுத்தைச் சேர்ப்பதில்லை. ஆபத்து என்று சொன்னால்தான் ஆள் எழுந்து வருவான் என்பது அவர்கள் கட்சி.

திருவள்ளுவர் இதையெல்லாம் முன்னமே அறிந்திருந்தார் என்று சாதிக்கும் கூட்டம் ஒன்று எங்கும் உண்டு. அதில் நான் உறுப்பினன் அல்லன். எனினும் ஒற்றாடல் அதிகாரத்தைப் படிக்கும்போது மனம் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டுக் கொள் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் தெளிவு பெறு என்கிறார். நாகியோஸின் மாதிரி ஏட்டிலும், ஒரு சேவை கெட்டது என்று உறுதிப்படுத்த மூன்று முயற்சி என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அங்கே மூன்று முறையும் போவது ஒரே ஒற்றன், அதே வழியாக, அதே வாயிலுக்கு; வழியில் பாலம் இடிந்திருந்தால் மூன்று தடவையும் அவன் ஒன்றையே சொல்வான். இந்தக் குறையை ஒருவாறு நிரப்பவே, எந்த ஹோஸ்ட் எந்த ரூட்டருக்கு அப்பால் இருக்கிறது என்று தாய்-சேய் முறை எழுதிவைத்தால், இடையில் உள்ளது விழும்போது அப்பாலுள்ளதை ‘வீழ்ந்தது’ என்னாமல் ‘எட்டவில்லை’ என்று சொல்லும் ஏற்பாட்டையும் நாகியோஸ் வைத்திருக்கிறது. அதை எழுதிவைக்கும் அலுவலகங்கள் அபூர்வம். எங்களுடையது அவற்றில் ஒன்றன்று.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு என் கைப்பேசி ஒரு தடவையும் ஒலிக்கவில்லை. வழக்கமாகப் பதினொன்றுக்கு ஒன்று, பேக்கப் ஓடும் இரண்டு மணிக்கு ஒன்று என்று அலர்ட் வந்துவிடும். மூன்று மணிக்கு விழிப்புக் கொடுத்து எழுந்து உட்கார்ந்தேன்.

“என்னாச்சு, ஃபோன் வந்துதா?” என்றாள் மனைவி.

“வரலை. அதான்.”

“வரலேன்னா எல்லாம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? படுங்கோ.”

அவள் பாட்ட மீமாம்சைக் கட்சி என்பது முப்பதாண்டு தாம்பத்தியத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாதம் செய்ய அது நேரமல்ல. கூடத்துக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து நாகியோஸ் பக்கத்தை அழைத்தேன். பத்து விநாடி, இருபது விநாடி, பக்கம் வரவில்லை. ஆபீஸ் முழுவதும் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டிப் பையனுக்குத் தொலைபேசி செய்யப் போனபோது, அலமாரியின் மேல் எங்கள் வீட்டு வை-ஃபை ரூட்டர் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருந்தது.