கிழிந்த பக்கம்

1983. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ ஒரே ஒரு பிரதிதான். அதை எடுத்துப்போன தமிழ் வாத்தியார் திருப்பித் தருவதற்குள் கொஞ்ச காலமே ஆண்ட அரிஞ்சய சோழர் பட்டத்துக்கு வந்து போயே விடலாம். நான் வாசல்படி ஏறும்போதே நூலகர் சொல்லிவிடுவார்: “இன்னும் வரல தம்பி.”

எனக்கோ அவசரம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் முடித்தாயிற்று. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லாமல் போனதில் தூக்கம் போயிருந்தது. சரித்திரம் என்றால் நடந்து முடிந்த சங்கதி. அதைப் பற்றி ஒரு புத்தகம் படித்தால் போதும் என்று நம்பிய வயது.

மூன்று மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. கொலை வரும் பக்கத்தை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள். வாத்தியாரைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியாருக்கு, பின்னர் பட்டத்துக்கு வந்த உத்தம சோழர் மேல் சந்தேகம் உண்டு என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது போதும். கல்யாணம் ஆகும்வரை உத்தம சோழரைக் கூண்டிலேயே நிறுத்திவைத்தேன். ஜாமீன்கூடக் கொடுக்கவில்லை.

இன்று அதே புத்தகம் கைபேசியில், இலவசமாக. கூடவே கல்வெட்டுத் தொகுதிகள், செப்பேடுகள் என்று நானூற்றுச் சொச்சம் கோப்புகள். திறந்து பார்த்தவை பதினொன்று. நூலகர் வேலை இப்போது எனக்கு: புத்தகங்கள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், ‘இன்னும் நேரம் வரல தம்பி’ என்கிறேன்.

போன மாதம் கரண்ட் போன ஓர் இரவில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்கள்; அவர்கள் சொத்தோடு உறவினர் சொத்தையும் பறிக்க உத்தரவு. உத்தம சோழரைப் பண்டாரத்தார் வாதாடி விடுதலை செய்துவிட்டார். நானும் உத்தம சோழரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன். சரி, எதற்காகக் கொன்றார்கள்? கல்வெட்டு வாய் திறக்கவில்லை. பக்கத்தைக் கிழித்துப் போனவரும் என்னைப் போலவே ஏமாந்திருப்பார்.

சரித்திரம் முடிந்த சங்கதி என்று நினைத்தவன், இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் வரும் புத்தகக் காட்சிக்குக் காத்திருக்கிறேன். 2025 ஜனவரியில், சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று அறிவிப்பு வந்தது. அதுவரை நான் படித்து வைத்திருந்த இரும்புக் காலமெல்லாம் நேற்றைய சமாசாரம் ஆகிவிட்டது. பழசு இன்னும் பழசாகிக்கொண்டே இருக்கும்போது புதுப் புத்தகத்துக்குப் பஞ்சமா?

சென்னைப் புத்தகக் காட்சியில் சோழர் பற்றிப் புதிதாக எது கண்ணில் பட்டாலும் எடுத்துவிடுகிறேன். கடைக்காரர்தான் முறைக்கிறார். காசு கொடுக்குமுன் முதலிலிருந்து கடைசிவரை பக்கங்களை எண்ணிப் பார்க்கிறேனாம்.