பட்டாணிக்குப் பன்மை, அரிசிக்கு இல்லையா?

கேள்வி: ஆங்கிலத்தில் பட்டாணியை 'பீஸ்' என்று பன்மையில் சொல்லலாம், 'ரைஸ்' மட்டும் எப்போதும் ஒருமைதான் என்கிறார் என் மகளின் ஆசிரியை. இரண்டும் மணிகள்தானே, ஏன் இந்தப் பாகுபாடு?

பதில்: எண்ண முடியுமா என்று ஆங்கிலம் பார்ப்பதில்லை, எண்ணும் வழக்கம் உண்டா என்றுதான் பார்க்கிறது. சோற்றை யாரும் பருக்கைக் கணக்கில் பரிமாறுவதில்லை. அதனால் 'ரைஸ்', 'சுகர்', 'சால்ட்' எல்லாம் குவியலாகவே நிற்கும். ஒரு மணியைச் சொல்ல வேண்டுமென்றால், 'எ கிரெய்ன் ஆஃப் ரைஸ்'.

பட்டாணியும் முன்பு அரிசியின் கட்சிதான்! 'பீஸ்' என்பதே அன்று ஒருமை. கடைசி 'ஸ்' பன்மை விகுதி என்று எண்ணிய மக்கள், 17ஆம் நூற்றாண்டில் தோலை உரிப்பதுபோல் அதை உரித்தெடுத்து 'பீ' என்ற புது ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். 'பீஸ் புட்டிங்' என்ற உணவின் பெயரில் பழைய ஒருமை இன்றும் உயிரோடிருக்கிறது.

வழக்குதான் ராஜா என்பதற்கு இன்னொரு சாட்சி: கோதுமை 'வீட்' ஒருமை, 'ஓட்ஸ்' பன்மை.

மகளிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். 'ஐ ஏட் சிக்கன்' என்றால் கோழிக்கறி சாப்பிட்டேன். நடுவில் 'எ' சேர்த்தால் முழுக் கோழியையும் தீர்த்துவிட்டதாகப் பொருள்! ஹோட்டலில் 'டூ காஃபிஸ்' என்று தாராளமாகக் கேட்கலாம். அங்கே எண்ணப்படுவது கோப்பை. எண்ணுவதற்கு 'மெனி', அளப்பதற்கு 'மச்'. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.