தாயத்தும் காந்தமும்

1984, காணும் பொங்கல். வடக்குத்து முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் திடலில் கபடி. பாடிப் போன என் கையைப் பிடித்து ஒருவன் இழுத்தான். வலது தோள் இறங்கிவிட்டது. உருண்டையாக இருக்க வேண்டிய தோள், பெட்டி மூலைபோல் சப்பையாகத் தொங்கியது. ஊர் வைத்தியர் அக்குளில் குதிகாலை ஊன்றி இழுத்தார், 'கொடக்'கென்று உட்கார்ந்தது. உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசிக் கட்டினார். "சதை பிடிச்சா சரியாப் போயிடும் தம்பி" என்றார். அம்மா அரைஞாணில் ஒரு வெள்ளித் தாயத்தைக் கோத்துவிட்டாள்.

சரியாகப் போகவில்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் கழன்றது. சட்டை மாட்டும்போது கழன்றது. ஒருநாள் தூக்கத்தில் புரண்டபோதும். எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு முறிவு இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். கூட ஆடியவர்கள் கண்ணுக்கு நான் சாக்குச் சொல்கிறவன் ஆனேன். கபடியை விட்டேன்.

நிலத்தடியில் புதைந்த பழுப்பு நிலக்கரியைக் கண்டுபிடித்து, 1962-லேயே அதில் மின்சாரம் எடுத்த நெய்வேலி பக்கத்திலேயே இருந்தது. என் தோலுக்கு அடியில் கிழிந்து கிடந்ததைப் பார்க்கத்தான் வழியில்லை.

போன வருஷம் அக்கா மகனுக்கு அதே திடலில் அதே தோள், இரண்டாம் தடவை. புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவன் கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பின்னால் திருப்பியதுமே பையன் முகம் வெளிறியது. எம்.ஆர்.ஐ. எழுதினார். அது 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. அரைஞாணை அவிழ்க்கச் சொன்னார்கள். என் தாயத்து; அக்கா அவனுக்குக் கட்டியிருந்தாள். ஸ்கேன் முடியும்வரை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

முன்னதாக மூட்டுக்குள் ஊசி வழியாகக் கடோலினியம் என்னும் மருந்து கலந்த நீரை ஏற்றியிருந்தார்கள். தோளின் கிண்ணம் ஆழமில்லாதது. அதன் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்னும் நார்க்குருத்து வளையம் வரப்புபோல் நின்று கை எலும்பின் பந்து முனையைத் தாங்குகிறது. எக்ஸ்ரேயில் அது தெரியாது. திரையில் லேப்ரம் கறுப்பு. அதற்கும் எலும்புக்கும் நடுவே மருந்து கசிந்து மெல்லிய வெள்ளைக் கோடாக ஓடியது. "பேங்கார்ட் கிழிசல்" என்றார் டாக்டர். பந்தின் பின்பக்கம் கிண்ண விளிம்பில் மோதிய பள்ளத்தையும் காட்டினார்.

"மாமா, உங்களுக்கும் இந்தக் கோடு இருந்திருக்குமா?"

இருந்திருக்கும். லண்டன் மருத்துவர் பேங்கார்ட் இந்தக் கிழிசலைப் பற்றி எழுதியது 1923-இல். என் தோள் இறங்குவதற்கு 61 வருஷம் முன்னால்.

பையனுக்கு நுண்துளை வழியாகத் தைத்துவிட்டார்கள். திடலுக்குப் போகும் தம்பிகளே, தோள் இறங்கினால் ஆளாளுக்கு இழுக்க விடாதீர்கள். மறுபடி இறங்கினால் எக்ஸ்ரேயோடு வீடு திரும்பாதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.