‘எத்தனை நாள்?’: ஹோர்ட்டா துறைமுகத்துப் படகோட்டிகளை முன்வைத்து ஓர் அளவையியல் ஆய்வு

பாய்மரப் படகில் அயல்நாட்டுக் கரை சேர்ந்தவரைக் குடிவரவு, சுங்கம், சுகாதாரம் என்று பல அதிகாரிகள் விசாரிப்பதுண்டு. அவர்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு, வீசிய கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் பக்கத்துப் படகுக்காரர் ஒன்று கேட்டுவிடுவார்: “எத்தனை நாள்?” கேட்பதற்கு நலம் விசாரிப்பு மாதிரிதான் இருக்கும். உண்மையில் இது குறுக்கு விசாரணை. இக்கட்டுரை நுதலியது யாதோ எனின், அவ்வினாவின் இலக்கணம் என்க.

ஆய்வுக்களம், அட்லாண்டிக் நடுவே போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் ஃபயால் தீவின் ஹோர்ட்டா. காலம், மே, ஜூன். குளிர்காலத்தைக் கரீபியனில் கழித்த படகுகள் சூறாவளிப் பருவத்துக்கு அஞ்சி ஐரோப்பா திரும்பும் நேரம் அது. கரீபியனில் உள்ள செயின்ட் மார்ட்டினிலிருந்து ஏறத்தாழ 2,200 கடல் மைல். நாளுக்கு 120 மைல் என்று வைத்தாலும் பதினெட்டு நாளுக்குமேல் ஆகும். ஆனால் தீவுகளை நெருங்கும்போது அசோர்ஸ் உயர் அழுத்தம் குறுக்கே உட்கார்ந்திருக்கும். அதன் நடுவில் மாட்டினால் காற்று நின்றுபோகும், பாய் துவண்டு தொங்கும். அப்போது கேப்டனின் கை தானாகவே எஞ்சின் சாவிக்குப் போகும். ஆகவே “பதினேழு நாள்” என்று ஒருவர் சொன்னால், அதில் எத்தனை நாள் காற்றுக்குச் சேரும், எத்தனை நாள் டீசலுக்குச் சேரும் என்பதே ஆய்வுச் சிக்கல்.

நம் தருக்க நூலோர் அறிவுக்கு வாயிலாகக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைச் சொல்வர். ஹோர்ட்டாவில் மூன்றும் செல்லும்; ஒரே மதிப்பில் அல்ல.

இவற்றுள் உரை மிக நொய்மையானது. “எஞ்சின் போட்டீர்களா?” என்றால், “பேட்டரி சார்ஜுக்காகக் கொஞ்சம்” என்பார்கள். இந்தக் ‘கொஞ்சம்’ இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், இரண்டு நாளாகவும் இருக்கலாம்.

கருதலுக்கு ஊரே துணை நிற்கிறது. மெரினாவில் இட நெருக்கடி ஏற்பட்டால் படகோடு படகாக மூன்று நான்கு வரிசை கட்டுவார்கள். வெளி வரிசைக்காரர் கரைக்குப் போவதென்றால் மற்றவர் டெக்குகளைத் தாண்டியாக வேண்டும். அணியத்துப் பக்கமாகத் தாண்டுவது மரபு; அமரத்துப் பக்கம் போனால் யாருடைய சாப்பாட்டுத் தட்டிலாவது கால் படும். அடுத்தவர் திண்ணை வழியே தெருவுக்குப் போகும் ஊரில் ரகசியம் ஏது? பக்கக் கம்பியில் டீசலுக்கான மஞ்சள் ஜெர்ரி கேன்கள் கட்டியிருக்கும். முழங்கால் லேசாக இடித்தால் போதும்: நிறைந்த கேன் மொத்தென்று வாங்கிக்கொள்ளும், காலிக் கேன் டொம்மென்று காட்டிக்கொடுக்கும். கேப்டன்கள் இருமிக்கொண்டே பேச்சை மாற்றுவது இந்த ஓசைக்குப் பின்புதான். புகை கண்டு நெருப்பறிதல் பழைய உதாரணம். அமரத்தில் எக்ஸாஸ்ட் துளையைச் சுற்றிப் படிந்த கரி கண்டு டீசலறிதல் ஹோர்ட்டா உதாரணம்.

காண்டலுக்கு டீசல் பம்பு இருக்கிறது. மீட்டர் 180 லிட்டரில் நின்றால், மணிக்கு 3 லிட்டர் கணக்கில் 60 மணி நேரம், அதாவது இரவு பகலாக இரண்டரை நாள். பின்னால் நிற்பவர்கள் இதை விரல்விட்டே போட்டுவிடுவார்கள். நாசூக்கானவர்கள் அப்போது எதிரே தெரியும் பீக்கோ எரிமலையைப் பார்ப்பார்கள்.

அஃதேல், எஞ்சின் ஓட்டிய இக்குற்றம் யாருக்கும் இல்லாத காலம் உண்டோ எனின், உண்டு. தனியாளாக முதன்முதலில் உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோக்கம் 1895 ஜூலையில் ஃபயாலில் நங்கூரமிட்டார். கேப் சேபிளிலிருந்து 18 நாள் என்று, யாரும் கேட்காமலே, தம் நூலில் பதிந்திருக்கிறார். அவருடைய ‘ஸ்ப்ரே’யில் எஞ்சினே கிடையாது. ஆனால் இங்கிருந்து கிளம்பியபின் பிளம் பழமும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தின்று வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தார். அந்த இரவு கொலம்பஸின் ‘பின்டா’ கப்பல் வழிகாட்டி வந்து சுக்கான் பிடித்ததாக எழுதுகிறார். எஞ்சின் ஓட்டாவிட்டாலும் வெளியாள் வைத்து ஓட்டினாரே என்று பூர்வபட்சிகள் இதைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. பின்டா மாலுமி டீசல் குடிப்பவரல்லர் என்று கூறி மறுக்க.

தீராத சிக்கல் ஒன்றுண்டு. கட்டமரான்களில் இரண்டு எஞ்சின். இரண்டும் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் ஓடினால் கணக்கு ஆறா, பன்னிரண்டா? ஆறு என்பது கட்டமரான்காரர் கட்சி. ஒற்றை உடல் படகுக்காரர் பன்னிரண்டுக்குக் குறைய மாட்டார்கள். 1918-இல் தொடங்கி, படகோட்டிகளுக்கு வந்த கடிதங்களைப் பிற்காலத்தில் பத்திரப்படுத்தியும் ஜின் டானிக் ஊற்றியும் வரும் பீட்டர் கஃபே ஸ்போர்ட்தான் இவ்வழக்கின் மேல்முறையீட்டு மன்றம். அங்கே ஒரு கட்டமரான்காரர் எழுந்து, “நாங்கள் எப்போதும் ஒன்றை மட்டும்தான் ஓட்டுவோம்” என்றால், எந்தப் பக்கத்தது என்று கேட்டு, இருட்டுமுன் அந்தப் பக்கத்துக் கரியைப் பார்த்துவர ஆள் அனுப்புவது நடைமுறை.