எங்கள் சோகையைப் பிளாஸ்டிக் என அறிவிக்கக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
சோகையை இன்னும் கொளுத்தாத ஒரு விவசாயி,
நல்லூர், விருத்தாசலம் வழி,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை,
சேப்பாக்கம், சென்னை.

பொருள்: கரும்புச் சோகை, வைக்கோல், இலைதழை ஆகியவற்றைப் பிளாஸ்டிக்காகக் கருதி மானியம் வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014 வழிகாட்டு நெறிகள்.

ஐயா,

பார்வையில் கண்ட நெறிகளைப் படித்துப் பூரித்துப்போய் இதை எழுதுகிறேன். நிலத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் விரிக்க ஹெக்டேருக்கு 32,000 ரூபாய் ஆகும், அதில் பாதியான 16,000 ரூபாயை அரசே தரும், ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை என்று 2014இல் அதில் எழுதினார்கள். ஏக்கர் கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம். தாள் நல்ல வேலைக்காரன்தான். ஈரத்தைக் காக்கிறது, களையை அமுக்குகிறது, சொட்டுநீரோடு சேர்ந்தால் தர்பூசணியும் தக்காளியும் நன்றாகக் காய்க்கின்றன. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

இதே வேலையை எங்கள் கொல்லையில் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, செய்கிறது. கரும்பு வெட்டி முடிந்ததும் ஏக்கருக்குச் சுமார் நாலு டன் சோகை கிடக்கும். வரிசைக்கு நடுவில் ஒதுக்கிப் பரப்பினால் மூடாக்கு. மக்கினால் எரு. கட்டு கட்டி எடுத்துவந்து கத்தரிப் பாத்தியிலும் மிளகாய்ப் பாத்தியிலும் போடலாம். ஆகவே 'கரும்பு எங்கள் துறைப் பயிர் அல்ல' என்று இந்த மனுவை வேளாண்மைத் துறைக்குத் தள்ளிவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சோகையை ஒதுக்க ஆள்கூலி ஆகும், தீக்குச்சிக்கு ஆகாது. அதனால்தான் வெட்டு முடிந்த மாலையில் பக்கத்துக் கொல்லைகளில் புகை எழுகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் செய்பவர்கள் மண்ணைச் சுட உலை மூட்ட வேண்டும். சோகை எரிந்து மக்கு இல்லாமல் போன எங்கள் ஊர் மண்ணுக்கோ சித்திரை வெயிலே போதும், ஓடாகிவிடுகிறது.

சோகைக்கு உள்ள ஒரே குறை, அதற்குப் பில் இல்லை. வானத்திலிருந்து மழையும் கரும்பிலிருந்து சோகையும் ஜிஎஸ்டி எண் இல்லாமலே விழுகின்றன. அரசு பில்லைப் பார்த்துத்தான் பணம் தரும். சோகையைத் தூளாக்கும் இயந்திரத்துக்கு மானியம் உண்டு, தூளான சோகைக்கு இல்லை. இயந்திரத்துக்குக் கம்பெனி இருக்கிறது, சோகைக்கு யார் இருக்கிறார்கள்?

தடிமன் விஷயத்தையும் தாங்கள் கவனிக்க வேண்டும். 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைக்கு 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல், தடிமன் பார்க்காமல் தடை. மஞ்சப்பையை மீண்டும் கையில் எடுக்கச் சொல்லி 2021இல் இயக்கமே தொடங்கினோம். காய்கறிக்கு விரிக்கும் தாளோ 25, 30 மைக்ரான். கடையில் கொடுத்தால் அபராதம், கொல்லையில் விரித்தால் மானியம். பயிர் முடிந்ததும் கிழிந்த தாள் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் வராது. வரும் துண்டு காற்றில் மணிமுத்தாற்றுப் பக்கம் போகும், அல்லது வரப்பில் எரியும். அதைப் பொறுக்கிச் சேர்க்கும் கூலியும் அந்த 32,000க்குள் அடக்கமா என்று தெரிவித்தால் நன்று.

எரு செய்யும் மண்புழுவுக்கும் இதே பில் சட்டம்தான். அது சிமென்ட் தொட்டியில் குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரமுள்ள, ஐஎஸ் 15907 தரமுத்திரை பெற்ற பிளாஸ்டிக் படுக்கையில் படுக்க வேண்டும். அப்போதுதான் பாதி விலை கிடைக்கும். வேலி ஓரத்து நிழலில், சோகைக்கு அடியில், முத்திரை இல்லாமல் வாழும் புழு அரசுக் கணக்கில் புறம்போக்கு.

டெல்லியையும் விட்டுவிடக் கூடாது. 2023 ஜூன் 28 அன்று மத்திய அமைச்சரவை 3,70,128.7 கோடி ரூபாய்க்கு ஓர் உரத் தொகுப்பை அனுமதித்தது. அதில் யூரியாவின் பங்கு 3,68,676.7 கோடி, இயற்கை உரத்தின் பங்கு சுமார் 1,452 கோடி. யூரியாவுக்கு 254 ரூபாய் போனால் எருவுக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயும் எருக்குழிக்கு வராது. சாணம் எரிவாயு ஆலைக்குள் நுழைந்து, வாயுவைக் கொடுத்துவிட்டு, மீதியாக வெளியே வந்தால் டன்னுக்கு 1,500 ரூபாய், அதுவும் விவசாயிக்கு அல்ல. மாட்டிலிருந்து நேராகக் குழிக்குப் போகும் சாணம் முறையான வழியில் வராததாகக் கருதப்படும்.

மாநில அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கை வந்தது. இலைதழையால் நிலத்தை மூடச் சொல்லி ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வார் பெயரில் விருதும் வந்தது. மறு ஆண்டு 206 கோடியில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. பசுந்தாள் உர விதையை மானியத்தில் கொடுத்தார்கள். விதைக்குப் பை உண்டு, பைக்கு ரசீது உண்டு. நம்மாழ்வார் பெயருக்கு விருது கிடைத்தது, அவர் சொன்ன மூடாக்குக்குத்தான் பில் கிடைக்கவில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஆவன செய்ய வேண்டுகிறேன்:

1. சோகையைக் கொளுத்தாமல் நிலத்திலேயே மூடாக்காக விடுபவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நேராக வங்கிக் கணக்கில் போடுவது. தாள் விரித்ததற்குச் சாட்சியாக எடுக்கும் அதே ஜியோ டேக் படத்தை இதற்கும் எடுக்கலாம், செல்போன் மறுக்காது. எருக்குழிக்கும் அப்படியே.

2. அது முடியாதென்றால், சோகையைப் பிளாஸ்டிக் என அறிவித்து அரசாணை வெளியிடுவது. தடிமன் பற்றிக் கவலை வேண்டாம். நாங்கள் போடுவது 10 சென்டிமீட்டர், அதாவது ஒரு லட்சம் மைக்ரான்.

3. இரண்டும் முடியாதென்றால், கரும்புக்கு ஒரு ஜிஎஸ்டி எண் ஒதுக்குவது. பில்லை அதுவே போட்டுக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சோகைக்காரன்.

இணைப்பு: சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் நகல், சிறு குறு விவசாயி சான்று, சோகை ஒரு பிடி.

குறிப்பு: சோகை மாதிரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அலுவலகப் பூந்தொட்டியில் போட்டுவைக்கவும். கோப்பு நகர்வதற்குள் மக்கிவிடும்.